தூங்குகிற பிள்ளைக்குக் காவல்

தூங்குகிற பிள்ளைக்குக் காவல் போட்ட கூட்டம் நாங்கள். திருடன் வருவான் என்றோ பாம்பு வரும் என்றோ போட்ட காவல் இல்லை. பிள்ளை கண்ணசந்து தூங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் காவல். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது கொஞ்சம் வருகிறது. அன்றைக்கு எங்கள் லயத்தில் ஒருத்தருக்கும் வரவில்லை.

மலாயாவில் எமர்ஜென்சி காலம் அது. ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரு கேட், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் முனியாண்டி தோட்டத்து லாரி டிரைவர். வேலை முடிந்தால் ஹோம் கார்டு; தோட்டத்து ஆண்களையே பொறுக்கித் துப்பாக்கியைக் கொடுத்து, முறைவைத்துக் காவல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். பெயர் அஞ்சலை. வாய் சும்மா இருக்காது என்று தோட்டம் முழுக்கப் பெயர் எடுத்தவள். மனதில் பட்டதைக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

என் மகள் தேவகியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் பிறந்தவனைச் சொல்லாமல் அவள் கதை புரியாது.

மூத்தவன் பெயர் சேகரன். பச்சைப் பிள்ளைகள் தூக்கத்தில் சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், கை காலை வெடுக்கென்று உதறும். நம்ம சனங்கள் அதை நரி விரட்டுகிறது என்பார்கள். நரி வந்து காதில், உங்கம்மா செத்துட்டா என்று சொல்லுமாம். இப்பத்தானே அவகிட்ட பால் குடிச்சேன், போ நரி என்று பிள்ளை சிரிக்குமாம். உங்கப்பன் செத்துட்டான் என்றால் மட்டும் நம்பி அழுதுவிடுமாம். அந்த நேரத்தில் பிள்ளையைத் தொடக் கூடாது, எழுப்பக் கூடாது, வேடிக்கை பார்க்க வேண்டும். சேகரன் பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் அப்படி உதறினான். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். "நரிக்கு வேலியெல்லாம் கெடயாது போலருக்குலா" என்று அவன் அப்பா சொல்லி, இன்னும் சிரிக்கவைத்தார். மறுநாள் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு உடம்பு விறைத்து விறைத்து வலிப்பு. தோட்டத்து டிரசர், அதாவது கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர், உடனே லாரியில் ஏற்றச் சொன்னார். லாரி ஜாசின் பாசாரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரியை ஓட்டியது அவன் அப்பாதான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் நரி என்ற பேச்சை எடுக்கவில்லை. அவர் வேடிக்கை பேசுவதையும் விட்டுவிட்டார். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் நாலு வார்த்தை கத்தினால் ஒரு வார்த்தை வரும்.

சில வருஷம் கழித்துத் தேவகி பிறந்தாள். நல்ல எடை, நல்ல நிறம், பசித்தால் லயமே அதிரக் கத்துவாள். வந்து பார்த்தவர்கள் எல்லாம் உன் வாய் அப்படியே வந்திருக்கு என்றார்கள். ஒரு வாரம் இருக்கும். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று முகத்தைச் சுளித்தாள். மூச்சு வேகமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மூடின இமைக்கு உள்ளே கண்மணி ஓடியது. வலது கை வெடுக் வெடுக்கென்று உதறியது.

"என்னாங்க, இங்க வாங்க" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எழுப்பு புள்ள. தூக்கு, தூக்கு" என்று அவரே கையை விட்டுத் தூக்கி உலுக்கினார். தேவகி விழித்துக்கொண்டு வீரிட்டாள். உதறல் நின்றுவிட்டது. வலிப்பை நிறுத்திவிட்டோம் என்று ரெண்டு பேரும் நினைத்தோம்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் காவல். ஹோம் கார்டில் முறை போட்டுப் பழகின மனிதர் வீட்டிலும் முறை போட்டார். அவர் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம், அவருடைய அக்கா பொன்னம்மா கொஞ்ச நேரம். தொட்டில் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வேண்டும். பிள்ளை உதறினால் உடனே எழுப்ப வேண்டும். பொன்னம்மா அக்கா மட்டும் ஒருதரம் வாயைத் திறந்தாள்.

"ஏன்டி அஞ்சலை, இது சும்மா நரி வெரட்டுறதா இருந்தா?"

"இன்னொருதரம் அந்தப் பேச்சை எடுத்தீங்க, நாத்தனார்னு பாக்கமாட்டேன்" என்றேன்.

அப்புறம் அவளும் முறை தவறாமல் எழுப்பினாள். பிள்ளையோ தூங்க ஆரம்பித்தாலே உதறுகிறாள், உதறினாலே எழுப்புகிறோம். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. பாலைச் சப்பும்போதே அயர்ந்துபோவாள். நாலு வாய் குடித்துவிட்டு வாயை எடுத்துவிடுவாள். அழுகை பூனைக்குட்டி அழுகையாகச் சுருங்கிற்று. டிரசர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "எடை எறங்கிக்கிட்டே போவுதும்மா. நீங்க சொல்றதப் பாத்தா வலிப்பு மாதிரியும் இருக்கு. இங்க வெச்சிருக்காதீங்க, மலாக்காவுக்குக் கொண்டு போங்க" என்றார். மூத்தவன் கதை அவருக்கும் தெரியும். அவருக்கும் பயம்.

முப்பது கும்பிடாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாமா என்று லயத்தில் ஒரு பேச்சு வந்தது. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிடும் வரை வாசல் தாண்ட மாட்டார்கள். பேசினவர்களை நான் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது. கேட்டில் சோதனை. என் வீட்டுக்காரர் நிற்கிற கேட்டிலேயே பிள்ளையின் துணி மூட்டையைப் பிரித்து உதறிப் பார்த்தார்கள். பொன்னம்மா அக்கா எனக்காகக் கட்டிக் கொடுத்த பத்தியச் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சட்டம் அது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்குக் காவல் முறை, விட்டுவிட்டு வர வழியில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் காலை மட்டும் ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு நின்றார்.

மலாக்காவில் பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளைகள் வார்டில் எனக்கு ஒரு கட்டிலும் பக்கத்தில் தேவகிக்கு ஒரு கம்பித் தொட்டிலும் கொடுத்தார்கள். காத்திருப்பதுதான் அங்கே பெரிய வேலை. ரத்தம் எடுத்துப் போனார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கிற நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அப்போது என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் அழுகிறது கேட்டது. அழுகிற சத்தம் கேட்கிறவரை பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டேன். கிருமி இல்லை என்று மறுநாள் சொன்னார்கள். அப்படியானால் ஏன் உதறுகிறாள் என்று கேட்டால், இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த கட்டிலில் மைமூன் அக்கா. மலாக்கா டவுனில் அவர்களுக்குத் துணிக்கடை. அவர் பேரப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை; மகள் பலவீனமாகக் கிடந்ததால் அக்காதான் பிள்ளையோடு இருந்தார். என் பத்தியச் சோறு கேட்டில் போன கதையைக் கேட்டுவிட்டு, அன்று மத்தியானமே அவர் வீட்டுக் காரியரில் எனக்கும் ஒரு அடுக்கு வந்தது. பூண்டும் மிளகும் போட்ட ரசம், மசித்த சோறு.

"தின்னுமா. பால் குடுக்குற வயிறு காயக் கூடாது" என்றார்.

நான் தின்றுகொண்டே தேவகியைப் பார்த்தேன். உதறினாள். சோற்றுக் கையோடு எழுந்து போய் எழுப்பினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ள தூங்குறதே இல்லையா?"

"தூங்கினா இழுப்பு வருதுக்கா."

"நீ செத்த நேரம் படு. நான் பாத்துக்குறேன். இழுத்தா ஒன்ன எழுப்புறேன்" என்றார். நான் படுத்தேன். எழுந்தபோது சாயங்கால வெயில் வந்திருந்தது. தேவகியும் தூங்கிக்கொண்டிருந்தாள். இழுக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அந்த நல்ல மனுஷியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

வார்டைப் பார்த்த டாக்டர் சிலோன்காரர். வயது அதிகமில்லை. பேசும் தமிழ் எங்களுடையது மாதிரி இல்லை; நோயை வருத்தம் என்பார், தூக்கத்தை நித்திரை என்பார். ஆனால் தமிழில் பேசினாரே, அதுவே எனக்குத் தெம்பு. அவர்தான் ஒரு மிஷினைப் பற்றிச் சொன்னார். காட்டில் சண்டை நடக்கிறதே, அதில் தலையில் அடிபட்டவர்களைப் பார்ப்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து அந்த மிஷினைக் கொஞ்ச காலத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்களாம். மூளை வேலை செய்யும்போது அதில் சின்னச் சின்ன மின்சாரம் ஓடுமாம். தலையில் வில்லை ஒட்டி, அந்த மின்சாரத்தைக் கம்பி வழியாக மிஷினுக்குக் கொண்டுபோனால், பேனாக்கள் அதைக் காகிதத்தில் கோடாக வரைந்துவிடுமாம். ஷாக் அடிக்குமா என்று கேட்டேன்.

"இல்லை. நாங்கள் பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கிறதில்லை. பிள்ளையிட்ட இருந்து வாறதைப் பார்க்கிறம், அவ்வளவுதான்" என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இஞ்ச பாருங்கோ. வலிப்பு எண்டால் மருந்து தொடங்க வேணும். கன காலம் குடுக்க வேணும். அது பிள்ளையை மந்தமாக்கும். இல்லாத வருத்தத்துக்கு அதைக் குடுக்க எனக்கு மனமில்லை. இருக்கிற வருத்தத்துக்குக் குடுக்காமல் விடவும் பயம். அதாலதான் இந்த மிஷினில ஒருக்காப் பார்ப்பம்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு பக்கம் போனால் மூத்தவன் போன வழி. மறுபக்கம் போனால் மந்தமான பிள்ளை. பேனா கிறுக்கப்போகிற கிறுக்கலில் இருக்கிறது என் பிள்ளையின் ஆயுசு.

பரிசோதனைக்குப் பிள்ளையைச் சுத்தமாகக் கொண்டுவரச் சொன்னார்கள். சுத்தம் என்றால் எங்களுக்கு எண்ணெய்க் குளியல்தான். ஆஸ்பத்திரி பாத்ரூமில் வைத்துத் தேவகியின் தலையில் தேங்காயெண்ணெயை அரக்கித் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பவுடர் போட்டு, கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வில்லையை ஒட்டப் பார்த்தாள். வழுக்கியது. இன்னொன்றை ஒட்டினாள். அதுவும் வழுக்கிக் காதுப் பக்கம் வந்து நின்றது. அவள் சீனத்தி, அவளுக்குத் தமிழ் ஒன்றிரண்டு வார்த்தைதான். என் பிள்ளையின் தலையைத் தொட்டு, விரலை மோந்து பார்த்து, "மிஞாக்" என்றாள். மலாயில் எண்ணெய். தலை முடியை மழித்துவிடலாமா என்று அடுத்து சைகையில் கேட்டாள். நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். பிறந்த முடி மாரியம்மனுக்கு நேர்ந்தது, கோயிலில்தான் இறங்கும்.

டாக்டர் வந்து சிரித்தார். முடியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தலையைச் சோப்புப் போட்டு ரெண்டு தரம் அலசி மறுநாள் கொண்டுவரச் சொன்னார். என் எண்ணெயால் ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளில் நான் எத்தனை தரம் அவளை எழுப்பினேனோ.

மறுநாள் போனோம். மிஷின் அறை ஒரு கோழிக்கூண்டு. நிஜமாகவே நாலு சுவரிலும் கம்பிவலை அடித்திருந்தார்கள். வெளியே ஓடுகிற மின்சாரம் உள்ளே புகுந்து கோட்டைக் கெடுத்துவிடக் கூடாதாம். காற்றாடியும் போடக் கூடாதாம். தோட்டத்தில் முள்கம்பி, இங்கே கோழிவலை, எங்கே போனாலும் நம்மைக் கம்பிக்குள்தான் போடுகிறான் என்று முணுமுணுத்தேன். டாக்டருக்குக் கேட்டுவிட்டது. அதற்கும் சிரித்தார்.

வகிடு எடுத்து வகிடு எடுத்து, முடிக்கு நடுவில் பசை தடவி, பொட்டு அளவு வில்லைகளை ஒட்டினார்கள். கண் ஓரத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. "பால் குடுத்து நித்திரையாக்குங்கோ. மருந்து குடுத்து நித்திரையாக்கினால் அது வேற நித்திரை. பிள்ளையின்ர சொந்த நித்திரைதான் எனக்கு வேணும். அதுக்குப் பிறகு என்ன நடந்தாலும் நீங்கள் தொடக் கூடாது. ஏலுமோ?" என்றார் டாக்டர்.

"முடியாது டாக்டர். ஆனா தொடமாட்டேன்" என்றேன்.

தேவகி பால் குடித்தாள். நாலு வாயில் அயர்ந்தாள். படுக்கவைத்தேன். பேனாக்கள் கரகரவென்று ஓட ஆரம்பித்தன. காகிதம் மடிந்து மடிந்து கீழே விழுந்தது. மிஸ்ஸி பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு, இப்போது சிரித்தாள், இப்போது கால் உதறினாள் என்று ஓடுகிற காகிதத்திலேயே பென்சிலால் குறித்தாள். கொஞ்ச நேரத்தில் வந்தது. மூச்சு தாறுமாறாயிற்று. இமைக்குள் கண்மணி ஓடிற்று. கை வெட்டிற்று, கால் வெட்டிற்று, வாய் கோணிற்று. நான் எழுந்துவிட்டேன். மிஸ்ஸி என்னைப் பார்க்காமலே, "ஜாங்கான் பேகாங். தொடாத, தொடாத" என்றாள். உட்கார்ந்தேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். என் கையை நானே நம்பவில்லை. ஆத்தா மாரியாத்தா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். லாரியின் முன்சீட்டில் என் மடியில் கிடந்த சேகரனின் பாரம் எனக்குத் தொடையில் தெரிந்தது.

பிள்ளை உதறி முடித்தாள். மூச்சு ஒரே சீராக மாறிற்று. கண்மணி நின்றது. உடம்பு அசையவே இல்லை. இப்போது எனக்கு வேறு பயம் வந்தது, செத்துவிட்டாளோ என்று. டாக்டரைப் பார்த்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே நெடுநேரம் போயிற்று. மறுபடி உதறல், மறுபடி அமைதி. காவல் போட்ட நாளிலிருந்து என் கண்ணெதிரே அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. என் முதுகு வியர்வையில் நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

முடிந்ததும் டாக்டர் தரையில் கிடந்த காகிதத்தை விரித்து என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்கோ. பச்சைப் பிள்ளையளுக்கு ரெண்டு வகை நித்திரை இருக்கு. இது அமைதி நித்திரை." அந்த இடத்தில் கோடு கொஞ்சம் பெரிதாக எழும்பும், பிறகு அடங்கும், மறுபடி எழும்பும். கடல் அலை கரைக்கு வந்து போகிற மாதிரி. "மூச்சு சீரா இருக்கும், உடம்பு அசையாது. இது மற்றது, அசைவு நித்திரை." அங்கே கோடு சின்னச் சின்னதாக, இடைவிடாமல் ஓடியது. கண் ஓரத்து வில்லையின் கோடு மட்டும் துள்ளியது. "கண் உள்ளுக்கை ஓடும், கை கால் உதறும், சிரிக்கும், அழுற மாதிரி முகத்தைச் சுழிக்கும். இதிலதான் உங்கட பிள்ளை உதறினது. வலிப்பு எண்டால் இந்தக் கோடு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப எழும்பும். அப்பிடி ஓர் இடத்திலயும் இல்லை."

"அப்ப இழுப்பு இல்லையா?"

"இல்லை. நல்ல நித்திரை. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நித்திரை கொள்ள விடாததுதான் வருத்தம்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் நெஞ்சில் குத்தியது. மூன்று பேர் முறைவைத்து, ஆசை ஆசையாய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையை வதைத்திருக்கிறோம். எங்களைவிட அந்த நரிக் கதை சொன்ன கிழங்கட்டைகளுக்குப் புத்தி இருந்திருக்கிறது. தொடாதே என்றாவது சொன்னார்கள். அன்றைக்கு வார்டுக்கு வந்து மைமூன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தூங்க வுடு, எல்லாம் சரியாப் போவும்" என்றார்.

தேவகி தூங்கினாள். தூங்கினாள், எழுந்து குடித்தாள், மறுபடி தூங்கினாள். அவள் உதறும்போதெல்லாம் என் கை பரபரக்கும். எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். எடை ஏறியது. அழுகையில் பழைய சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு மற்ற கட்டில்காரர்கள் முகம் சுளித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். இனிமேல் சந்தேகம் வந்தால் மிஷின் தேவையில்லை, கண்ணைப் பாருங்கோ என்றார். நித்திரை உதறல் கண் மூடியிருக்கும்போதுதான் வரும், எழுப்பினால் நின்றுவிடும். வலிப்பு அப்படி இல்லை. பிள்ளை கண்ணைத் திறந்தபடியே ஒரு பக்கமாக வெறித்துப் பார்க்கும், வாயைச் சப்பிக்கொண்டே இருக்கும், தூக்கினாலும் நிற்காது. அப்படிக் கண்டால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம் என்றார்.

மேலே சேகரனைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். எழுத வரவில்லை. அந்த மத்தியானம் எல்லோரும் சிரித்தபோது அவன் கண் திறந்திருந்தது. இடது பக்கமாக, யாருமில்லாத சுவரைப் பார்த்தபடி இருந்தது. வாய் சப்பிக்கொண்டே இருந்தது. "கண்ணு தொறந்திருக்கேங்க" என்று நான் கேட்டேன். அவன் அப்பா குனிந்து பார்த்தார். "எம்மவன் தைரியசாலிலா. நரிய மொறச்சுப் பாக்குறான்" என்றார். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

"டாக்டர், அப்படி இருக்கிற புள்ளய அன்னைக்கே கொண்டாந்தா பொழைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எல்லாப் பிள்ளையளும் எண்டு சொல்ல ஏலாது. சில பிள்ளையள் தப்பும்" என்றார்.

வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். தேவகியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் பஸ் ஏறின பிறகும் கொடுக்கவில்லை. நான் ரெண்டு வகைத் தூக்கத்தையும், கோழிக்கூண்டு அறையையும், எண்ணெய் வழுக்கினதையும் சொன்னேன். எண்ணெய்க் கதைக்கு லேசாகச் சிரித்தார். டவுனைத் தாண்டி ரப்பர் மரங்கள் வர ஆரம்பித்தன. பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டே உதறினாள். அவர் கை தானாக எழுந்தது, எழுப்பாமல் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப சேகரனுக்கும் அன்னைக்கு இதேதானே, அஞ்சலை? சும்மா தூக்கந்தானே அது?"

அவர் சேகரனின் பெயரைச் சொல்லி நான் கேட்டது, அந்த லாரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் சிரிச்சது தப்பா என்று கேட்கிறார்.

"ஆமாங்க" என்றேன். "அது தூக்கந்தான். டாக்டர்கிட்ட கேட்டேன். காய்ச்சல் அப்புறமா வந்தது, அதுதான் கொண்டு போயிருச்சு. நம்ம கையில ஒன்னுமில்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. ஜாசின் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் உதறுகிற பிள்ளையைப் பார்த்து, "நரி வந்திருச்சுடி" என்று மெதுவாகச் சொன்னார். பழைய குரல் அது.

அதற்குப் பிறகு அவர் நன்றாக இருந்தார். வேடிக்கை பேசினார், தேவகிக்குக் கல்யாணம் செய்துவைத்தார், பேரப்பிள்ளைகள் தொட்டிலில் உதறினால் நரிக் கதை சொல்லி லயத்தையே சிரிக்கவைத்தார். மூத்தவனைப் பற்றி யாராவது கேட்டால், காய்ச்சல்ல போயிட்டான், நம்ம கையில ஒன்னுமில்ல என்று அமைதியாகச் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை. ஆனால் சேகரனுக்காக அழும்போது கூட உட்கார்ந்து அழ எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த வருத்தம்தான் தீரவில்லை.

போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். அதனால்தான் இத்தனை காலம் இதை எழுதிப் பேப்பருக்கு அனுப்பாமல் இருந்தேன்.